மஸ்காரா பிரஷ்ஷும் கழுத்து வளையமும்: மை எப்படிச் சமமாக ஏறுகிறது?

சிங்கப்பூரில் எந்த வாட்சன்ஸ் கடைக்குள் போனாலும் மஸ்காரா அடுக்கில் ஒன்றைக் கவனிக்கலாம். உள்ளே இருக்கும் மை எதனால் ஆனது, எப்படிக் காயும் என்பதெல்லாம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். முன்பக்கத்தில் பெரிதாக இருப்பது பிரஷ்ஷின் படம். வளைந்தது, நடுவில் இடுப்பு ஒடுங்கியது, சீப்புப் பல் வைத்தது, நுனியில் முள்ளுருண்டை வைத்தது என்று ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வடிவத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது. மை எல்லாமே கறுப்பு. வித்தியாசம் காட்டுவதற்கு பிரஷ்தான் மிச்சம்.

தேக்கா பக்கம் ஒரு கடையில் எது நல்லது என்று கேட்டால், "பெரிய பிரஷ்ஷா எடுங்கக்கா, நல்லா அடர்த்தியா வரும்" என்று பதில் வரும். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு முடியில் ஏறிய அளவு மை அடுத்த முடியிலும் ஏறுமா, இடது கண்ணில் வந்தது வலது கண்ணிலும் வருமா என்பதை பிரஷ் தனியாகத் தீர்மானிப்பதில்லை. குப்பியின் கழுத்துக்குள் ஒரு சிறு வளையம் இருக்கிறது. தொழிலில் அதற்கு வைப்பர் என்று பெயர். அதைப் படம் போட்டு விற்க முடியாது என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிரஷ்ஷைவிட அதற்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். ஏன் என்று பார்ப்பதற்கு முன், பிரஷ்ஷின் முன்னால் இருக்கும் வேலை எவ்வளவு சிக்கலானது என்று பார்த்துவிடலாம்.

மேலிமையில் சுமார் 90 முதல் 150 முடிகள் இருக்கும். நீளம் 8 முதல் 12 மில்லிமீட்டர். கீழிமையில் எண்ணிக்கையும் குறைவு, நீளமும் குறைவு. இவை ஒரே கோட்டில் முளைப்பதும் இல்லை. ஐந்தாறு வரிசைகளாகக் கலைந்து கிடக்கும். இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு கோளம். கண்ணிமை அந்தக் கோளத்தின் மேல் வளைந்து படிந்திருக்கிறது. நேரான பிரஷ் ஒன்றை அதன் முன்னால் நீட்டினால் நடு முடிகள் முதலில் தொடும். மூக்கோரத்து முடிகளும் வெளி மூலை முடிகளும் எட்டாமல் போகும். எட்ட வைக்க அழுத்தினால் நடுவில் மை அப்பிக்கொள்ளும். வளைந்த பிரஷ் வந்ததற்குக் காரணம் இந்த வடிவியல்தான். நுனி கூம்பிய பிரஷ்ஷும் அதே பிரச்சினைக்கு வேறொரு விடை: மூலைக்கு வரும்போது நுனியை மட்டும் பயன்படுத்திக்கொள் என்கிறது.

இடம் இப்படி என்றால் மை இன்னொரு தொல்லை. மெல்லிய, நெகிழ்வான இரண்டு இழைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று, நடுவில் ஈரம் சேர்ந்தால், ஈரத்தின் பரப்பு இழுவிசை இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்றாக இழுக்கும். இழை நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்க இருக்க வளைவது எளிது. இமைமுடி அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் இருப்பதால், ஒட்டுவது எப்போதும் நுனியில்தான் தொடங்கும். நான்கைந்து முடிகள் நுனியில் சேர்ந்து ஒரு கூர்முனையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சிலந்திக்கால் என்று கேலி செய்வது அதைத்தான். மை காய்ந்துவிட்டால் அந்த ஒட்டு நிரந்தரம், கழுவும் வரை.

ஆக பிரஷ் இரண்டு வேலை பார்க்க வேண்டும். மையைக் கொடுக்க வேண்டும், அதைக் கொடை என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த மையால் ஒட்டிக்கொண்ட முடிகளைக் காய்வதற்குள் பிரிக்கவும் வேண்டும். இவை ஒன்றுக்கொன்று எதிரான வேலைகள். நிறைய மை தாங்கும் பிரஷ் நன்றாகப் பிரிக்காது. நன்றாகப் பிரிக்கும் பிரஷ் கொடுத்த மையையே வழித்துக்கொண்டு போய்விடும். கடையில் தொங்கும் அத்தனை வடிவங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தைப் பிடித்து உட்கார்ந்தவைதான்.

முறுக்கிய கம்பி

இன்றும் பெரும்பாலான மஸ்காரா பிரஷ்கள் முறுக்குக் கம்பி வகை. செய்முறை அழகானது. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைக் கொண்டை ஊசி மாதிரி மடிக்கிறார்கள். இரண்டு கால்களுக்கும் நடுவில் நைலான் இழைகளைப் பரப்பி வைக்கிறார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையைச் சுழற்றினால் கம்பி முறுக்கிக்கொள்ளும். இழைகள் அந்த முறுக்கில் சிக்கி, சுருள் படிக்கட்டு வடிவில் எல்லாப் பக்கமும் விரிந்து நிற்கும். அப்புறம் சுழலும் கத்தியில் கொடுத்து வேண்டிய உருவத்துக்கு வெட்டுகிறார்கள். நேரான உருளை, கூம்பு, நடுவில் ஒடுங்கியது எல்லாம் இந்தக் கடைசி வெட்டில் வருபவை. வளைந்த பிரஷ் வேண்டுமென்றால் முடிந்த பிரஷ்ஷை வளைத்துவிடுவார்கள்.

வடிவமைப்பாளர் கையில் இருக்கும் திருகுகள் பல. இழையின் தடிமன் ஒன்று. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு அளவு மெல்லிய இழையும் உண்டு, அதைப்போல நாலைந்து மடங்கு தடித்ததும் உண்டு. மெல்லிய இழைகளை நெருக்கி வைத்தால் அவற்றுக்கு நடுவில் மை நுண்துளை ஈர்ப்பால் பிடித்துக்கொண்டு நிற்கும், கொடை அதிகம். தடித்த இழைகள் விறைப்பாக நின்று முடிகளுக்குள் புகுந்து சீவும், பிரிப்பு அதிகம். இரண்டையும் கலந்து ஒரே பிரஷ்ஷில் வைப்பதும் வழக்கம். இழையின் குறுக்குவெட்டு வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உள்ளே குழலான இழை, நட்சத்திர வடிவ இழை, ஓரத்தில் பள்ளம் ஓடும் இழை என்று பல உண்டு. பள்ளம் இருந்தால் அதில் கொஞ்சம் மை தங்கும்.

முறுக்கின் நெருக்கம் இன்னொன்று. சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் பிரஷ்ஷின் மைக் கிடங்கு. நெருக்கி முறுக்கினால் கிடங்கு சிறுக்கும், இழைகள் சீராக நிற்கும். தளர்வாக முறுக்கினால் கிடங்கு பெருக்கும், ஆனால் இழைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும். முறுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்பதற்குக்கூடக் காப்புரிமை எடுத்திருக்கிறார்கள். பிரஷ்ஷை விரலில் உருட்டும்போது சுருள் ஒரு திருகாணியின் மரை போல நடந்துகொண்டு முடியை ஒரு பக்கமாகத் தள்ளும். எந்தப் பக்கம் என்பது முறுக்கின் திசையைப் பொறுத்தது. பார்ப்பதற்கு அற்பமாகத் தெரியும். வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் ஒரே மாதிரி உருட்டினால் விளைவு ஏன் வேறாக வருகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முறுக்கு பிரஷ்ஷின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: எந்த இரண்டு இழையும் ஒரே மாதிரி நிற்பதில்லை. அந்த ஒழுங்கின்மை கலைந்து கிடக்கும் முடிவரிசைகளுக்குள் எல்லாத் திசையிலும் புக உதவுகிறது. அதே ஒழுங்கின்மையால் ஒரு பிரஷ் மாதிரி இன்னொரு பிரஷ் இருப்பதும் இல்லை.

வளையம் வந்த கதை

மேபலின் நிறுவனம் 1917இல் விற்ற மஸ்காரா ஒரு கட்டி. கூடவே பல் துலக்கும் பிரஷ்ஷைச் சிறிதாக்கியது போல ஒன்று. பிரஷ்ஷை நனைத்து, கட்டியில் தேய்த்து, இமையில் பூச வேண்டும். எத்தனை மை ஏறுகிறது என்பது முழுக்க முழுக்க பூசுபவரின் கைப்பழக்கம். 1939இல் ஃபிராங்க் எங்கல் என்பவர் அமெரிக்காவில் பெற்ற காப்புரிமையில், பள்ளங்கள் வெட்டிய குச்சி ஒன்று குப்பிக்குள் இருந்து மையோடு வெளியே வரும் அமைப்பு இருக்கிறது. அது பரவலாகக் கடைக்கு வர 1950களின் இறுதி ஆனது. ஹெலினா ரூபின்ஸ்டைன் நிறுவனத்தின் மஸ்காரா மேட்டிக் அப்போதுதான் வந்தது. அதிலும் இழைகள் கிடையாது, பள்ளம் வெட்டிய உலோகக் குச்சிதான். இழை பிரஷ் 1960களில் அந்த இடத்தைப் பிடித்தது. இன்றும் விற்கும் இளஞ்சிவப்பு பச்சைக் குப்பி, கிரேட் லாஷ், 1971இல் வந்தது.

இந்த வரலாற்றில் பெரிய மாற்றம் பிரஷ் உருவத்தில் நடக்கவில்லை என்பது என் கருத்து. கட்டி போய்க் குப்பி வந்தபோது, அளவு போடும் பொறுப்பு கையிலிருந்து கருவிக்கு மாறியது. குச்சி வெளியே வரும் வழியில் எதுவோ ஒன்று மிகுதியான மையை வழித்துவிட வேண்டும். வைப்பர் செய்வது அதைத்தான்.

மை தீர்ந்த குப்பி ஒன்றைத் தூக்கி எறியாமல் இடுக்கியால் கழுத்தில் இருப்பதைப் பிடுங்கிப் பாருங்கள். கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பிறகு டப்பென்று வந்துவிடும். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான, புனல் வடிவ ரப்பர் அல்லது மென் பிளாஸ்டிக் துண்டு. மேலே அகன்ற விளிம்பு, அது கழுத்தில் உட்கார. கீழே ஒடுங்கி ஒரு மெல்லிய உதடு, நடுவில் துளை. விரலால் உதட்டைத் தொட்டால் எவ்வளவு மெல்லியது என்று தெரியும். சிலவற்றில் உதடு முழு வட்டம். சிலவற்றில் அங்கங்கே கீறல்கள் விட்டிருப்பார்கள். சிலவற்றின் ஓரம் அலை அலையாக இருக்கும். அருகில் அதே மஸ்காராவின் பிரஷ்ஷைக் கழுவி வைத்துப் பார்த்தால் சங்கடம் புரியும். பிரஷ்ஷின் குறுக்களவு 7, 8 மில்லிமீட்டர். துளை 4, 5 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் பிரஷ் ஏறத்தாழப் பாதியாக நசுங்கி, பிறகு விரிகிறது.

துளை ஏன் அந்த அளவு? ஏனென்றால் அந்த ஒரே வளையம் இரண்டு வேறு பொருள்களைத் துடைக்க வேண்டியிருக்கிறது. முதலில் மேலேறி வருவது வழவழப்பான பிளாஸ்டிக் குச்சி. அதன் மேல் மை துளியும் இருக்கக் கூடாது. இருந்தால் விரலில், கன்னத்தில் ஒட்டும். ஆகவே துளை குச்சியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். அடுத்து வருவது பிரஷ். அதன் மேல் மை இருந்தே ஆக வேண்டும், ஆனால் கணக்காக. பிரஷ்ஷின் நடுக்கம்பி குச்சியைவிட மிகவும் ஒல்லி என்பதால் துளைக்கும் கம்பிக்கும் நடுவில் இடைவெளி கிடைக்கிறது. மடங்கிய இழைகளும் அவற்றுக்குள் தங்கும் மையும் அந்த இடைவெளியில்தான் வெளியேறுகின்றன. குச்சியின் தடிமனும் கம்பியின் தடிமனும் மாறினால் இமைக்குப் போய்ச் சேரும் மையின் அளவு மாறும். பிரஷ்ஷில் ஒரு இழையைக்கூடத் தொட வேண்டாம்.

உதடு எதனால் ஆனது என்பதும் சேர்ந்து வருகிறது. பாலிஎத்திலின் விறைப்பானது, மலிவு. நைட்ரைல் ரப்பர் நெகிழ்ந்து கொடுக்கும். நடுவில் ஒடுங்கி இருபுறமும் பருத்த பிரஷ் மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள உருவத்தைப் பின்தொடர அதனால் முடியும். ஒடுங்கிய இடத்தில் உதடு உள்ளே வராமல் நின்றுவிட்டால் அங்கே மை திட்டாகத் தங்கும். அந்த பிரஷ்ஷைக் குறை சொல்லிப் பயனில்லை. நீர் புகாத வகைகளில் இருக்கும் எளிதில் ஆவியாகும் எண்ணெய் சில ரப்பர்களை ஊதிப் பெருக்கச் செய்யும். ஊதினால் துளை மாறும், துளை மாறினால் அளவு மாறும். எனவே ஒரே பிரஷ், ஒரே குப்பி, மையை மட்டும் மாற்றி நீர் புகாத பதிப்பு கொண்டு வருவது வெளியில் இருந்து பார்ப்பது போல எளிதல்ல.

நுனியில் ஒரு சொட்டு மை உருண்டு நிற்பதற்கும் வளையமே காரணம். பிரஷ்ஷின் உடல் முழுக்க உதடு சுற்றிப் பிடித்து வழித்துக்கொண்டே வருகிறது. கடைசி நுனி விடுபடும் கணத்தில் வழிக்க ஏதும் மிச்சமில்லை, உதடு சட்டென்று மூடிக்கொள்கிறது, அதுவரை தள்ளிக்கொண்டு வந்த மை நுனியில் நின்றுவிடுகிறது. அதைக் குப்பியின் வாயில் தேய்த்து எடுப்பதுதான் நம் எல்லோர் பழக்கமும். வாயில் காய்ந்த மை விளிம்பு கட்டும். மூடி சரியாக உட்காராது. உள்ளே இருக்கும் மை காற்றுப் பட்டு இறுகும். இறுகிய மை இன்னும் திரளும். டிஷ்யூவில் ஒற்றி எடுப்பது மேல்.

எந்த வேகத்தில் இழுக்கிறோம் என்பதும் கணக்கில் வரும். பாகு போன்ற திரவத்திலிருந்து ஒன்றை வேகமாக வெளியே எடுத்தால் பொதுவாக அதன் மேல் தடித்த படலம் தங்கும், மெதுவாக எடுத்தால் மெல்லியது. அவசரத்தில் சரக்கென்று உருவும் காலையில் மஸ்காரா கூடுதலாக அப்புவதற்கு இதுவும் காரணம்.

மையின் குணம்

உணவங்காடி நிலையத்தில் மிளகாய்ச் சாந்துப் போத்தலைக் கவிழ்த்தால் முதலில் ஒன்றும் விழாது. தட்டினால் மொத்தமாகக் கொட்டும். மஸ்காராவின் குணமும் அந்த ரகம்தான். சும்மா இருக்கும்போது அசையாது, அதனால் பிரஷ்ஷிலிருந்து ஒழுகுவதில்லை. தேய்க்கும்போது, அதாவது வைப்பரில் நசுங்கும்போதும் முடிகளுக்குள் ஓடும்போதும், இளகிப் பரவும். கையை எடுத்தால் மறுபடி கெட்டியாகும். தேன்மெழுகும் கார்னோபா மெழுகும் உடலைக் கொடுக்கின்றன. கறுப்பு இரும்பு ஆக்சைடு நிறத்தைக் கொடுக்கிறது. காய்ந்தபின் படலமாகப் பிடித்துக்கொள்வது பாலிமர். சாதாரண வகையில் ஆவியாவது தண்ணீர். நீர் புகாத வகையில் ஐசோடோடெக்கேன் போன்ற எண்ணெய்.

இந்தக் கடைசி வேறுபாடு சிங்கப்பூரில் முக்கியம். இங்கே சூரியன் எழுவதற்கு முன் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில் 60 சதவீதம் அளவுக்கு இறங்கும். நாம் மஸ்காரா போடுவதோ காலையில், பெரும்பாலும் மின்விசிறி மட்டும் ஓடும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறையில். ஈரக் காற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் போகும். மை ஈரமாக இருக்கும் நேரம் நீள்கிறது. சீவிப் பிரிக்க அவகாசம் கிடைக்கிறது என்பது நல்லது. சுருட்டி விட்ட முடி அந்த ஈரத்தின் எடையில் தொங்கிவிடுகிறது, பிரித்த முடிகள் மறுபடி ஒட்டிக்கொள்கின்றன என்பது கெட்டது. குளிர்சாதன அறையில் அதே மை சட்டென்று காய்ந்து, இரண்டாவது பூச்சுக்குள் கட்டி கட்டும். ஐசோடோடெக்கேன் ஆவியாவதற்குக் காற்றிலுள்ள ஈரம் தடையில்லை. நீர் புகாத வகை இங்கே வியர்வையைத் தாங்குகிறது என்பதோடு சுருளையும் நன்றாகப் பிடித்து வைக்கிறது என்று சொல்வதன் பின்னணி இதுதான். அரங்கேற்ற மேடையில் விளக்குச் சூட்டில் இரண்டு மணி நேரம் ஆடும் பிள்ளைக்கு வேறு எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கடை அடுக்கில் ஜப்பானிய வகைகளுக்கும் ஐரோப்பிய வகைகளுக்கும் பிரஷ் அளவில் தெரியும் வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. கிழக்காசியர்களின் இமைமுடி ஐரோப்பியர்களுடையதைவிட எண்ணிக்கையில் குறைவாகவும், தடித்தும், மேல் நோக்கி எழும் கோணம் குறைவாகவும் இருப்பதாக அளந்து பார்த்திருக்கிறார்கள். கீழ்நோக்கி நேராக வளரும் முடியின் அடிக்குப் பருத்த பிரஷ் போனால் இமைத்தோலில் மை இடித்துக்கொள்ளும். ஆகவே அங்கே ஒல்லியான பிரஷ், சீப்பு, சீக்கிரம் காயும் மை. முடியை நீளமாகக் காட்ட மைக்குள்ளேயே ஓரிரு மில்லிமீட்டர் நீள நுண்ணிழைகளைக் கலப்பதும், வெந்நீரில் குழல் குழலாகக் கழன்று வரும் படல வகையும் அங்கே பிரபலம். நம் வீடுகளில் அடர்த்தியாகவும் சுருண்டும் முடி உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களுக்குக் கொடை பெரிய பிரச்சினையே இல்லை, பிரிப்புதான். பெரிய பிரஷ் எடுக்கச் சொல்லும் கடைக்காரத் தம்பியிடம் நான் மாறுபடுவது இந்த இடத்தில்தான்.

வார்ப்பும் அச்சும்

2000களில் வார்ப்பு பிரஷ் பெருகியது. உருக்கிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்தத்தில் செலுத்தி, தண்டும் முட்களும் ஒன்றாக வரும்படி வார்ப்பது. முறுக்கு பிரஷ்ஷின் ஒழுங்கின்மை இங்கே இல்லை. முள் எங்கே நிற்க வேண்டும், எத்தனை நீளம், பக்கத்து முள்ளுக்கு எத்தனை இடைவெளி என்று வரைபடத்தில் போட்டபடி வரும். அந்த இடைவெளி முடியைப் பிரிப்பதற்கென்றே கணக்கிட்டது. பிரிப்பில் இவ்வகை நன்றாகச் செய்கிறது. விலை கொடுப்பது கிடங்கில். வழவழப்பான முட்களுக்கு நடுவில் மை தங்குவது குறைவு, நுண்துளை ஈர்ப்புக்கு அங்கே வேலையில்லை. அதனால் வார்ப்பு பிரஷ்ஷுக்கு வைப்பரையும் மையையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

அச்சுக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. வார்த்த பொருள் வெளியே வர வேண்டுமென்றால் முள் அடியில் தடித்து நுனியில் மெலிய வேண்டும். நைலான் இழை அளவுக்கு மெல்லியதாக வார்த்தால் பிளாஸ்டிக் நுனி வரை ஓடிச் சேர்வதற்குள் ஆறி நின்றுவிடும். அச்சின் இரண்டு பாதிகள் சேரும் கோட்டில் சின்ன விளிம்பு கட்டும். அந்த விளிம்பு கண்ணுக்கு அருகில் போகும் பொருள் என்பதால் அதைத் தவிர்க்க அச்சுக்காரர்கள் படும் பாடு அதிகம். தண்டை விறைப்பான பிளாஸ்டிக்கிலும் முட்களை மென் பிளாஸ்டிக்கிலும் இரண்டு கட்டமாக வார்ப்பதும் உண்டு. இந்த வேலையில் பெயர் பெற்ற கேக்கா என்ற நிறுவனம் ஜெர்மனியின் பெக்ஹோஃபன் என்ற சிற்றூரில் இருக்கிறது. தூரிகைத் தொழிலுக்கே பேர்போன ஊர் அது. இப்படிச் சில தொழிற்சாலைகள் பல நிறுவனங்களுக்கும் பிரஷ் செய்து கொடுக்கின்றன. விலை உயர்ந்த குப்பியும் மலிவுக் குப்பியும் ஒரே கூரையின் கீழ் பிறந்த பிரஷ்ஷோடு வருவதில் அதிசயமில்லை.

அச்சின் பிடிவாதத்தைத் தாண்டியது முப்பரிமாண அச்சிடல். ஷனேல் 2018இல் வெளியிட்ட மஸ்காராவின் பிரஷ் பாலிஅமைடு தூளை லேசர் கதிரால் அடுக்கடுக்காகப் பிணைத்துச் செய்தது. அச்சிலிருந்து உருவ வேண்டியதில்லை என்பதால் தண்டுக்குள் நுண் பள்ளங்களை வைக்க முடிந்தது; தூளின் சொரசொரப்பும் மேற்பரப்பில் தங்கியது. வார்ப்பு பிரஷ்ஷில் தொலைந்த கிடங்கை இப்படித் திரும்பக் கொண்டுவந்தார்கள். எனக்கு இது கெட்டிக்காரத்தனமாகத் தெரிகிறது. 2008இல் லாங்கோமும் எஸ்டீ லாடரும் விட்ட அதிரும் மஸ்காராவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். பேட்டரி போட்டு பிரஷ்ஷை நடுங்க வைத்தார்கள். எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு மஸ்காரா போடுபவர்களுக்கு அந்த வசதி இலவசமாகவே கிடைக்கிறது.

இத்தனையையும் தொழிற்சாலையில் எப்படிச் சரிபார்க்கிறார்கள் என்றால், செயற்கை இமையை நுண்தராசில் நிறுத்து, குறிப்பிட்ட தடவை பூசி, மறுபடி நிறுப்பார்கள். ஏறிய எடை கொடையைச் சொல்லும். படமெடுத்து, தனித்தனியாக நிற்கும் முனைகளை எண்ணினால் பிரிப்பு தெரியும். குச்சியை வெளியே இழுக்க எவ்வளவு விசை வேண்டும் என்றும் அளப்பார்கள். விசை அதிகமானால் வாங்கியவர் வெடுக்கென்று இழுப்பார், இழைகள் தெறித்து முகத்தில் புள்ளி விழும். குறைந்தால் மை வழிக்கப்படாமல் வரும்.

கடையில் நிற்கும்போது

பெட்டியின் மேலிருக்கும் பிரஷ் படத்தை வைத்தே கொஞ்சம் ஊகிக்கலாம். நெருக்கமான மெல்லிய இழை என்றால் அடர்த்தி. தனித்தனி முள் என்றால் பிரிப்பு. உங்கள் முடி குறைவாகவும் நேராகவும் இருந்தால் ஒல்லியான பிரஷ்ஷும் நீர் புகாத மையும். அடர்த்தியாக இருந்தால் வார்ப்பு முள். கடையில் திறந்து வைத்திருக்கும் மாதிரிக் குப்பியைக் கண்ணில் போட வேண்டாம். பலர் கண் பட்ட பிரஷ் அது. கைமேல் தடவிப் பார்ப்பதால் நிறம் தெரியும், மற்றது தெரியாது. மாதிரியிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: குச்சி வெளியே வரும்போது அதன் பிளாஸ்டிக் பகுதி சுத்தமாக வருகிறதா? வந்தால் வைப்பர் தன் வேலையைச் செய்கிறது. மையோடு வந்தால் எவ்வளவு அழகான பிரஷ்ஷும் திட்டுத் திட்டாகத்தான் பூசும்.

இங்கே விற்கும் அழகுப் பொருள்கள் ஆசியான் நாடுகளின் பொது விதிகளின்படி சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். 2008 முதல் அந்த முறைதான். குப்பியின் பின்னால் திறந்த டப்பாப் படத்துக்குள் 6 என்ற எண்ணும் எம் என்ற எழுத்தும் இருந்தால், திறந்ததிலிருந்து ஆறு மாதம் என்று பொருள். கண் மருத்துவர்கள் மூன்று மாதத்திலேயே மாற்றச் சொல்வதும் உண்டு.

பூசும்போது பிரஷ்ஷை அடியில் வைத்து இடவலமாகச் சிறிது அசைத்துவிட்டு மேலே இழுக்கச் சொல்வார்கள். அசைக்கும்போது இழைகள் முடிகளுக்கு இடையில் புகுந்து அடியில் மை விடுகின்றன. மேலே இழுக்கும்போது சீவுகின்றன. கொடையும் பிரிப்பும் ஒரே வீச்சில் முடிகிறது. முதல் பூச்சு இன்னும் ஈரமாக இருக்கும்போதே இரண்டாவதைப் போட்டுவிடுவது நல்லது. காய்ந்த படலத்தின் மேல் போட்டால் இழைகள் அதைச் செதில் செதிலாகப் பெயர்க்கும்.

மை குறைந்துவிட்டது போலத் தோன்றும்போது குச்சியைக் குப்பிக்குள் மேலும் கீழும் குத்துவது கை தன்னால் செய்யும் காரியம். வைப்பர் இறுக்கமாக இருப்பதால் குச்சி உள்ளே போகும்போது பிஸ்டன் மாதிரிக் காற்றை உள்ளே தள்ளுகிறது. வெளியே வரும்போது இன்னும் காற்றை இழுக்கிறது. குத்தக் குத்த மை நுரைத்து, தண்ணீர் வேகமாக ஆவியாகி, கட்டி கட்டுகிறது. குப்பிக்குள் குச்சியைச் சுழற்றினால் போதும், பக்கச் சுவரில் ஒட்டிய மை பிரஷ்ஷில் ஏறிவிடும். இறுகிப்போனதில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்குவது இன்னும் மோசம். கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அந்த மையின் அளவுக்குக் கணக்குப் போட்டுக் கலந்தது. தண்ணீர் சேர்ந்தால் அது நீர்த்துப்போகும், மையும் வைப்பரில் நிற்காமல் ஒழுகி, பிரஷ் முழுக்க ஒரே ஈரமாக வரும்.